நாட்டுக்கோழி எந்த நாட்டுக் கோழி? 'நாட்டு', 'சீமை', 'கம்பத்து' என்ற மூன்று அடைமொழிகள்

படிவம் 4 மாணவர் ஒருவரின் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "தீபாவளிக்குப் பாட்டி கம்பத்துக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்." உங்கள் கையில் சிவப்புப் பேனா இருக்கிறது. 'கம்பத்து' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போடுவீர்களா, மாட்டீர்களா?

வட்டம் போட்டு மேலே 'நாட்டு' என்று எழுதும் ஆசிரியர்கள் உண்டு. 'கிராமத்து' என்று திருத்துபவர்களும் உண்டு. எதுவும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரே சொல்லுக்கு மூன்று தீர்ப்பு கிடைத்தால் மாணவர் என்ன செய்வார்? அடுத்த கட்டுரையில் கோழியையே எழுத மாட்டார். பாட்டி சமைப்பது 'சுவையான உணவு' என்று ஆகிவிடும். அப்படி எத்தனை 'சுவையான உணவு' கட்டுரைகளை நாம் திருத்தியிருக்கிறோம்!

அதனால் இந்த மாதம் ஒரு சிறிய அடைமொழியை எடுத்துக்கொள்வோம். ஒரு மண்ணுக்கே உரிய பொருளைச் சொல்ல நாம் பயன்படுத்தும் 'நாட்டு' என்ற சொல். அது எங்கிருந்து வந்தது, உண்மையில் எதைச் சொல்கிறது, பினாங்கில் அது ஏன் 'கம்பத்து' என்று வேடம் மாறியது என்று பார்ப்போம்.

நாடு என்றால் மலேசியாவா?

மாணவர்களிடம் 'நாட்டுக்கோழி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம நாட்டுக் கோழி டீச்சர்" என்பார்கள். நம்ம நாடு எது என்றால் மலேசியா என்பார்கள். அப்படியானால் பண்ணையில் கூண்டுக்குள் வளரும் வெள்ளைக் கோழியும் மலேசியாவில்தானே வளர்கிறது, அது ஏன் நாட்டுக்கோழி இல்லை? இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இன்று 'நாடு' என்றதும் கொடி, எல்லை, கடப்பிதழ் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பழைய தமிழில் நாடு அவ்வளவு பெரியது அல்ல. சங்கப் பாடல்களில் காட்டுக்கு எதிராக நிற்பது நாடு. மக்கள் குடியேறி, உழுது, விதைத்து வாழும் நிலம். புறநானூற்றின் 187ஆம் பாடலில் ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பேசும்போது நாட்டையும் காட்டையும் அப்படித்தான் எதிரெதிரே வைக்கிறார். திருக்குறளின் 74ஆம் அதிகாரமான 'நாடு', குறையாத விளைச்சலைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு பிரிவு. பல நாடுகள் சேர்ந்தது வளநாடு, அதற்கு மேலே மண்டலம். அந்தப் பிரிவின் பெரியவர்கள் கூடிய சபையின் பெயர் நாட்டார்.

ஆகவே நாட்டுக்கோழி 'தேசியக் கோழி' இல்லை. உழவர் குடியிருக்கும் பக்கத்துக் கோழி. நாட்டுப்புறம் என்ற சொல்லிலும் இதே பொருள்தான் இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கும் அல்ல. மலையாளத்தில் நாடன் கோழி, கன்னடத்தில் நாட்டி கோளி, தெலுங்கில் நாட்டு கோடி. அக்கா தங்கை மொழிகள் நான்கும் ஒரே கோழியை ஒரே அடைமொழியால் அழைக்கின்றன. 'நாடு' என்ற பெயர்ச்சொல்லை 'நாடு' (தேடு, விரும்பு) என்ற வினையோடு சேர்த்து "மக்கள் நாடி வருவதால் நாடு" என்று விளக்கம் சொல்ல நமக்கு ஆசை வரும். அழகான விளக்கம்தான்! ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே வேரும் ஒன்று என்று முடிவு கட்டக்கூடாது. வகுப்பில் சொல்வதாக இருந்தால் 'இப்படியும் சொல்வார்கள்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வு மாணவர்கள் கவனிக்க ஓர் இணை இருக்கிறது: நாட்டுப்பண், நாட்டுப்பாடல். முதலாவது பள்ளிச் சபைகூடலில் நிமிர்ந்து நின்று பாடும் 'நெகாராகூ'. இரண்டாவது தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி. இரண்டிலும் இருப்பது அதே 'நாட்டு'. ஆனால் நாட்டுப்பண்ணில் நாடு என்பது தேசம். நாட்டுப்பாடலில் நாடு என்பது நாட்டுப்புறம். நாட்டுப்பற்று, நாட்டு நடப்பு முதலியவை முதல் கட்சி. நாட்டுக்கோழி, நாட்டுமருந்து, நாட்டுச்சர்க்கரை இரண்டாம் கட்சி. சொற்பொருள் கேட்டால் எந்தக் கட்சி என்று முதலில் தீர்மானியுங்கள், பிறகு எழுதுங்கள்.

புணர்ச்சியையும் இங்கேயே முடித்துவிடலாம். நாடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். நாடு + கோழி என்று வேற்றுமைப் பொருளில் சேரும்போது 'டு' இரட்டித்து 'நாட்டு' ஆகிறது. வீடு - வீட்டு, காடு - காட்டு, ஆறு - ஆற்று எல்லாம் இதே வழி. உயிர்த்தொடரிலும் இது நடக்கும்: வயிறு - வயிற்று, கயிறு - கயிற்று. இரட்டித்த பிறகு அது வன்தொடர் போல ஒலிப்பதால் பின்னால் வல்லினம் மிகுகிறது: நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுப்பாடல். 'நாட்டுமருந்து' என்பதில் மிகாது, ஏனென்றால் வருவது மெல்லினம். மாணவர்கள் 'நாட்டும்மருந்து' என்று எழுதுவதில்லை, அது நிம்மதி. 'நாட்டுகோழி' என்று ஒற்றை விட்டுவிட்டு எழுதுவதுதான் அதிகம்.

எதிராளி வந்தால்தான் பெயர்

இனி முக்கியமான இடம். வேறு வகைக் கோழியே வராத ஓர் ஊரில் கோழிக்கு என்ன பெயர்? கோழி, அவ்வளவுதான். எதிரே பிராய்லர் கோழி வந்து நின்ற பிறகுதான் பழைய கோழிக்கு ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. கைத்தொலைபேசி வந்த பிறகுதானே வீட்டில் இருந்த தொலைபேசி 'வீட்டுத் தொலைபேசி' ஆனது? அதுபோலத்தான். 'நாட்டு' என்ற சொல் ஒரு பொருளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குப் போட்டியாக இன்னொன்று வந்துவிட்டது என்று பொருள்.

இதனால்தான் 'நாட்டு' என்று சொல்லப்படும் எல்லாமே அந்த மண்ணில் முதன்முதலில் பிறந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் 'நாட்டுத் தக்காளி' கேட்டு வாங்குவார்கள். புளிப்பும் சாறும் அதிகம், ரசத்துக்கு அதுதான் சரி என்பார்கள். தக்காளி தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. இந்தியாவுக்கு வந்தது போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு. அப்படியிருந்தும் அது நாட்டுத் தக்காளி ஆகிவிட்டது. பிற்பாடு கெட்டித் தோலோடு வந்த ஒட்டுரகத் தக்காளிக்கு இது மூத்தது, அதனால்தான். 'நாட்டு' என்ற சொல் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதில்லை. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்றுதான் பார்க்கிறது.

கோழியின் கதை இன்னும் வேடிக்கை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது மலாயா தீபகற்பம் உட்பட நம் தென்கிழக்காசியக் காடுகளில் இன்றும் திரிகிறது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பக்கத்துக் காட்டுக்கோழியிலிருந்துதான் வீட்டுக்கோழி வந்தது என்று காட்டியது. தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் பங்கு உண்டு: பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பார்த்தால் கோழி தமிழ்நாட்டைவிட நம் பக்கத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

சீமை போன வழி

'நாட்டு' என்ற சொல்லுக்கு நேரெதிர்ச் சொல் 'சீமை'. மலேசிய மாணவர்கள் பலருக்கு இது பழக்கமில்லாத சொல், ஆனால் பழைய சிறுகதைகள் படிக்கும்போது கட்டாயம் எதிர்ப்படும்.

வடமொழியில் 'சீமா' என்றால் எல்லை. தமிழில் அது எல்லைக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறித்தது. சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை, கரிசல் சீமை என்று சொல்லும்போது சீமை என்பது 'நம்ம பக்கம்'. அதாவது முதலில் இதுவும் 'நாடு' போன்ற ஒரு சொல்தான்! ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் 'சீமைக்குப் போனார்' என்றால் இங்கிலாந்துக்குப் போனார் என்று ஆயிற்று. சீமைத்துணி, சீமைச்சாராயம், சீமைப்பசு என்று கப்பலில் வந்த எல்லாவற்றுக்கும் அது அடைமொழியானது. நாம் கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கட்டியைப் பழையவர்கள் சீமைச்சுண்ணாம்பு என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பெயர் சீமையெண்ணெய், பேச்சில் 'சீமெண்ணெ'. ஓடுகளில்கூட நாட்டு ஓடு, சீமை ஓடு என்று பிரிவு உண்டு.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சொந்த மண்ணைக் குறித்த ஒரு சொல் அயல் மண்ணைக் குறிக்கப் போய்விட்டது. 'நாடு' உள்ளூரிலேயே இருந்தது, 'சீமை' கப்பலேறியது. இரண்டும் ஒரே பொருளில் தொடங்கி எதிரெதிர்த் திசையில் போனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சொற்பொருள் மாற்றம் பற்றிப் படிக்கும் எஸ்டிபிஎம் மாணவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு மரங்களை ஒப்பிட விரும்புகிறேன். 1877 வாக்கில் அமெரிக்கக் கண்டத்து முள்மரம் ஒன்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் பெயர் சீமைக்கருவேலம். அதே 1877இல் இன்னோர் அமெரிக்க மரத்தின் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த ரப்பர் அது. மலாயாவில் அதை வெட்டிப் பால் எடுத்த நம் தாத்தா பாட்டிகள் அதற்கு வைத்த பெயர் பால்மரம். 'சீமை மரம்' என்று யாரும் சொல்லவில்லை. ஏன்?

ஒரு காரணம் எளிது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே கருவேலம் இருந்தது, வந்ததைப் பிரித்துக் காட்ட 'சீமை' வேண்டியிருந்தது. ரப்பருக்கு அப்படி உள்ளூர் இரட்டை எதுவும் இல்லை. இன்னொரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ரப்பர் இந்த மண்ணுக்குப் புதிது. அதை வெட்ட வந்தவர்களும் புதிது. இரண்டு பேரும் கப்பலில் வந்தவர்கள் என்றால் யார் யாரைச் 'சீமை' என்று அழைப்பது? மரம் என்ன செய்கிறதோ, அதை வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் வெட்டினால் பால் வடிக்கும், ஆக பால்மரம்.

ஏளனமும் விலையும்

'நாட்டு' என்ற சொல்லின் மதிப்பு ஏறி இறங்கியிருக்கிறது. நாட்டுச்சாராயம், நாட்டுத்துப்பாக்கி, நாட்டு வெடிகுண்டு என்ற செய்தித்தாள் சொற்களில் அது 'முறையில்லாத, கைவேலைச் சரக்கு' என்ற தொனியில் வருகிறது. நாட்டுப்புறத்தான் என்பது வசை. இன்று அதே சொல் கடை அட்டையில் ஏறினால் விலை கூடுகிறது. நாட்டுச்சர்க்கரை, நாட்டுக்கோழி முட்டை, நாட்டு மாட்டுப் பால் என்று எழுதிவிட்டால் போதும், 'ரசாயனம் இல்லாதது, பாட்டி காலத்துச் சத்து' என்று வாங்குகிறவர் தாமாகவே பொருள் கொள்கிறார்.

மலாயிலும் இதே ஏற்ற இறக்கம்தான். இந்தோனேசியாவில் ஒருவரைக் 'கம்புங்கான்' என்றால் பட்டிக்காட்டுத்தனமானவர் என்று கேலி. ஆனால் 'ஆயாம் கம்போங்' என்றால் மரியாதை, சாதாரணக் கோழியைவிட விலையும் அதிகம். 'நாசி கோரிங் கம்போங்' இல்லாத உணவுக்கடை நம் ஊரில் உண்டா?

நம்முடைய கம்பம்

இப்போது பினாங்குக்கு வருவோம். சந்தைக்குப் போய் நம் ஆட்கள் எப்படிக் கேட்கிறார்கள்? "அண்ணே, கம்பத்துக் கோழி இருக்கா?" இந்தக் 'கம்பம்' தூணும் இல்லை, தேனி மாவட்டத்துக் கம்பம் நகரும் இல்லை. மலாயின் 'கம்போங்'தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் இதைக் கேட்டால் கம்பத்தில் கட்டிவைத்த கோழி என்று நினைக்கக்கூடும்!

கம்போங் என்றால் கிராமம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். மலாயில் அது வீடுகள் கூடியிருக்கும் ஓர் இடம். 'பெர்கம்போங்' என்ற வினைக்கு ஒன்றுகூடுதல் என்று பொருள். அதனால்தான் பட்டணத்துக்கு நடுவிலும் கம்போங் உண்டு. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய பகுதியில் 'கம்போங் கோலாம்' என்று ஒரு தெரு இருக்கிறது. 'கோலாம்' என்ற மலாய்ச் சொல் நம் 'குளம்' போய்ச் சேர்ந்தது. ஒரே பெயர்ப்பலகையில் முதல் சொல் மலாய், இரண்டாம் சொல் தமிழிலிருந்து போனது. அந்த வழியாக எத்தனை முறை நடந்திருப்போம்!

இந்தச் சொல் தமிழுக்குள் இரண்டு தடவை வந்திருக்கிறது என்பதும் சுவையான செய்தி. மதில் சூழ்ந்த வளாகத்தைக் குறிக்கும் 'காம்பவுண்டு' என்ற ஆங்கிலச் சொல், மலாய்க் கம்போங்கிலிருந்து ஐரோப்பியர் வாயில் திரிந்து உருவானது என்பதே அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. அப்படியானால் தமிழ்நாட்டில் 'காம்பவுண்டு சுவர்' என்று சொல்கிறவரும், பினாங்கில் 'கம்பத்து வீடு' என்று சொல்கிறவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அவர் சொன்னால் யாரும் சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை.

சொல் உள்ளே வந்த பிறகு தமிழ் அதை எப்படிக் குளிப்பாட்டித் துணி மாற்றியது என்று பாருங்கள். கம்போங் என்று 'ங்' ஒலியில் முடியும் சொல் நமக்கு வசதியில்லை. 'பீனாங்' என்ற ஊர்ப்பெயருக்கு உகரம் சேர்த்துப் பினாங்கு ஆக்கினோம். அது மென்தொடர்க் குற்றியலுகரம். கம்போங்குக்கு வேறு வழி: மரம், குளம், பட்டணம் போல மகர ஈறு கொடுத்துக் கம்பம் ஆக்கினோம். மகர ஈறு கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. பட்டணம் - பட்டணத்து, கிராமம் - கிராமத்து என்பதைப் போலவே ஈறு கெட்டு அத்துச் சாரியை பெற்றுக் 'கம்பத்து' ஆகியது. அதன் பின் வல்லினம் மிக்குக் கம்பத்துக் கோழி. இலக்கணம் படிக்காத பாட்டி ஒரு மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்ச் சாரியையைத் தப்பில்லாமல் போட்டிருக்கிறார். புணர்ச்சி விதியை நடத்தும்போது இதைவிட உயிருள்ள சான்று நூலில் கிடைக்காது.

சரி, 'நாட்டு' என்ற சொல் கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? 'ஊர்' என்ற சொல்லைக் கவனித்தால் விடை ஓரளவு புரியும். இலங்கைத் தமிழர் இதே கோழியை ஊர்க்கோழி என்பார்கள். அவர்களுக்கு ஊர் காலடியில் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் 'ஊர்' என்றால் அது இந்தியா. "ஊர்லேருந்து சேலை வந்திருக்கு" என்றால் அது தமிழ்நாட்டுச் சேலை. அப்படிப்பட்ட வீட்டில் ஊர்க்கோழி என்று சொன்னால் கோழி விமானத்தில் வந்ததா என்று கேட்பார்கள். நாடு என்றால் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த தேசம். ஊர் கடலுக்கு அப்பால், நாடு கொடிக்கம்பத்தில். காலடியில் இருந்த மண்ணைச் சொல்ல ஒரு சொல் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கம்பம் வந்து உட்கார்ந்தது. இது என் ஊகம்தான், ஆனால் நம் பெரியவர்கள் பேச்சைக் கேட்கக் கேட்க இது வலுக்கிறது.

கடாரத்துச் சொல்லுக்கு இலக்கணத்தில் இடம்

இனி சட்டப் புத்தகத்தைத் திறப்போம். தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரண்டு நிலங்களிலிருந்து வருவது திசைச்சொல். உரையாசிரியர்கள் தரும் சான்றுகள் உங்களுக்குத் தெரியும்: குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர். அதாவது ஒரு வட்டாரத்துக்கே உரிய சொல்லை இலக்கணம் 'பிழை' என்று தள்ளவில்லை. தனிப் பெயர் கொடுத்து உள்ளே உட்காரவைத்தது.

நன்னூல் ஒரு படி மேலே போகிறது. பன்னிரண்டு நிலங்களோடு நிற்காமல், பதினெட்டு மொழி நிலங்களில் தமிழ் நிலம் நீங்கலான பதினேழிலிருந்தும் திசைச்சொல் வரலாம் என்கிறது. அந்தப் பதினேழு எவை? உரைகாரர்கள் ஒரு பழம்பாட்டைக் காட்டுவார்கள். சிங்களம், சீனம், கன்னடம், தெலுங்கம், கலிங்கம், வங்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் சாவகமும் கடாரமும் இருக்கின்றன. சாவகம் என்பது ஜாவாப் பக்கம். கடாரம் என்பது நம் கெடா. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது பினாங்குத் தீவு கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டதுதான்.

ஆக, பினாங்குத் தமிழர் வாயில் வந்த மலாய்ச் சொல்லுக்கு நன்னூல் மரபு எப்போதோ நாற்காலி போட்டு வைத்துவிட்டது. இன்றைய பாடநூல்கள் சாவி, சன்னல், அலமாரி என்ற போர்ச்சுகீசியச் சொற்களைத் திசைச்சொல்லுக்குச் சான்றாகத் தருகின்றன. பட்டியலில் இல்லாத போர்ச்சுகலுக்கு இடம் உண்டு, பட்டியலில் பெயரோடு இருக்கும் கடாரத்துக்கு இடமில்லை என்றால் அது என்ன நியாயம்? நாம் வாங்கியது மட்டுமா? கடை 'கெடாய்' ஆகவும், கப்பல் 'காப்பால்' ஆகவும் மலாயில் இருக்கின்றன. அவற்றை எந்த மலாய் ஆசிரியரும் வட்டம் போட்டு அடிப்பதில்லை.

ஒரு சிறு கிளைச்செய்தி. நம் தமிழ்ப்பள்ளிகளை அரசியல் பேச்சில் 'வெர்னாகுலர் பள்ளி' என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் 'வெர்னா'. வீட்டில் பிறந்த அடிமை என்று பொருள். அதிலிருந்து 'வீட்டுக்குரிய', 'உள்ளூர்' என்று விரிந்து, கடைசியில் உள்ளூர் மொழிக்குப் பெயரானது. அதே எண்ணம் மலாயில் அடிமைச் சுவடு இல்லாமல் வருகிறது: பினாங்கின் 'ஜாவி பெரானாக்கான்' சமூகத்தின் பெயரில் உள்ள 'பெரானாக்கான்', பிள்ளை என்று பொருள்படும் 'ஆனாக்' என்பதன் வழி வந்தது, இங்கேயே பிறந்தவர் என்று குறிப்பது. நாம் நம் பள்ளிகளைத் 'தாய்மொழிப் பள்ளி' என்றே எழுதுவது நல்லது. வேர் தெரிந்த பிறகு எனக்கு மற்றது எழுதக் கை வருவதில்லை. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து 2016இல் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். இருநூறு ஆண்டு ஒரு மண்ணில் படித்த மொழிக்கு அந்த மண்ணின் சொற்கள் சில ஒட்டாமல் இருக்குமா?

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை இது. சிறுகதை, தன்கதை, உரையாடல், அனுபவக் கட்டுரை ஆகியவற்றில் 'கம்பத்துக் கோழி', 'கம்பத்து வீடு' வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே அது பாத்திரத்தின் குரல். கருத்து விளக்கக் கட்டுரையில், அறிக்கையில், அதிகாரப்பூர்வக் கடிதத்தில் 'நாட்டுக்கோழி' என்று எழுதப் பழக்குங்கள். வெளியூர்த் தமிழரும் படித்துப் புரிந்துகொள்ள அது உதவும். 'கிராமத்துக் கோழி' என்று திருத்த வேண்டாம். அப்படி யாருமே சொல்வதில்லை, இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. திருத்தினால் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "வழக்கு சரி, இந்த இடத்துக்குப் பொதுச்சொல் வேண்டும்." பிழை என்று மட்டும் குறிக்காதீர்கள்.

மாணவர்களே, நீங்கள் எழுதும்போது இரண்டு இடம் பாருங்கள். சந்தி: நாட்டுக்கோழி, கம்பத்துக் கோழி இரண்டிலும் 'க்' விடக்கூடாது. பொருள்: கம்பம் என்று முதல் முறை எழுதும்போது பக்கத்திலேயே தெளிவாகும்படி ஒரு குறிப்பு வாக்கியத்துக்குள் வரட்டும். "பாட்டி வாழும் கம்பத்தில் ஆறேழு வீடுகள்தான்" என்று எழுதிவிட்டால் தூண் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் பாடநூலில் உள்ளதையே முதலில் எழுதுங்கள். இடம் இருந்தால் கம்பத்தையும் சேர்த்து, மலாய் என்று அடைப்பில் குறிப்பிடுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. நாட்டுக்கோழி, நாட்டுப்பண், நாட்டு ஓடு, சீமைச்சுண்ணாம்பு, பால்மரம், கம்பத்து வீடு, சீனி ஆகிய ஏழு சொற்களைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தப் பெயர் பிறக்கும்போது போட்டியாக நின்ற பொருள் எது என்று மாணவர்கள் எழுதட்டும். நாட்டுப்பண்ணிலும் பால்மரத்திலும் தடுமாறுவார்கள். தடுமாறட்டும், அங்கேதான் பேச்சு நீளும். சீனிக்கு ஒரு துப்பு கொடுக்கலாம்: பெயருக்குள்ளேயே ஒரு நாடு ஒளிந்திருக்கிறது. பிறகு வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு, இதே போல மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்ச் சாரியை போட்டுப் பேசும் சொற்கள் மூன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிடைத்தவற்றை யார் சொன்னது, எந்த ஊரில், எந்த வாக்கியத்தில் என்ற குறிப்போடு வளமையத்துக்கு அனுப்பிவையுங்கள்.